எந்தப் பள்ளி? எந்தப் படிப்பு?

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய பேச்சு)



பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். களைப்பு இருக்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்?" இது ஒன்று. "பத்தாவது முடித்துவிட்டாள், அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" இது இன்னொன்று. கேட்டுவிட்டு, "நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?" என்றும் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்லாதீர்கள். சந்தையில் ஒரு மாட்டை வாங்கும்போது என்ன செய்கிறீர்கள்? பல்லைப் பார்க்கிறீர்கள். நடக்கவிட்டுப் பார்க்கிறீர்கள். நாலு பேரிடம் விசாரிக்கிறீர்கள். அதன் பிறகுதான் பணத்தை எடுக்கிறீர்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கவும் இதே அறிவு போதும். கண்ணால் பாருங்கள். வாயால் கேளுங்கள். கணக்குப் போடுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கவும் தெரியும். விண்ணப்பத்தைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

படிப்பு ஒரு நீண்ட பாதை. அந்தப் பாதையில் நாலு திருப்பங்கள் வருகின்றன. ஒன்றாம் வகுப்பு ஒரு திருப்பம். ஐந்தாவதும் எட்டாவதும் முடியும் காலம் இரண்டாவது திருப்பம். பத்தாவது முடிந்தால் மூன்றாவது. பன்னிரண்டாவது முடிந்தால் நான்காவது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். "இதில் சேர்ந்தால் அடுத்து எந்தக் கதவு திறக்கும்? எந்தக் கதவு மூடும்?" இதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதல் திருப்பம்: ஒன்றாம் வகுப்பு

பள்ளியின் சுவருக்கு நல்ல வண்ணம் பூசியிருப்பார்கள். பெயர்ப் பலகை பெரிதாக இருக்கும். பிள்ளைகள் டை கட்டியிருப்பார்கள். இவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆசிரியர் தினமும் வருகிறாரா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் உண்மை தெரியும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிடுங்கள். பாடப் புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொல்லுங்கள். பிறகு, "இதற்கு என்ன அர்த்தம், உன் வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள். அர்த்தம் சொன்னால் அந்தப் பள்ளியில் பாடம் நடக்கிறது. கிளிப்பிள்ளை போலப் படித்துவிட்டு விழித்தால், அங்கே மனப்பாடம்தான் நடக்கிறது.

ஒரு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் திருத்திய அடையாளம் இருக்கிறதா? பிள்ளை எழுதிய தவறு அப்படியே கிடக்கிறதா?

குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? அதில் தண்ணீர் வருகிறதா? இது சின்ன விஷயம் இல்லை. கழிப்பறை இல்லாததால் பெரிய பிள்ளையான பிறகு பள்ளியை விட்டு நின்ற பெண்கள் உண்டு.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அரசுப் பள்ளியில் ஆசிரியர் குறைந்தால் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அது நீங்கள் உட்கார வேண்டிய இடம். கூட்டத்துக்குப் போங்கள்.

எந்த மொழியில் படிக்க வைப்பது?

"இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தால்தானே பிழைக்க முடியும்?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆங்கிலம் வேண்டும். கல்லூரியிலும் வேலையிலும் அது உதவும். ஆனால் ஆங்கிலம் கற்பது வேறு. எல்லாப் பாடத்தையும் புரியாத ஆங்கிலத்தில் படிப்பது வேறு.

சின்னப் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் சொன்னால் சீக்கிரம் புரிந்துகொள்ளும். கூட்டலும் கழித்தலும் புரிந்துவிட்டால் பிறகு எந்த மொழியிலும் செய்யலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதைச் சொல்கிறது. முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. சில பள்ளிகளில் பலகையில் மட்டும் ஆங்கிலம் இருக்கும். வகுப்பில் ஆசிரியரே ஆங்கிலம் பேசத் தடுமாறுவார். அங்கே பிள்ளைக்கு ஆங்கிலமும் வராது, பாடமும் வராது. ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகச் சொல்லித் தரும் பள்ளியைத் தேடுங்கள்.

பிழைப்புக்காக வேறு மாநிலம் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு யோசனையும் வேண்டும். மும்பையில் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகளை நடத்துகிறது. இப்படிப்பட்ட பள்ளியில் சேர்க்கும்போது கேளுங்கள். "தமிழ்வழி வகுப்பு எத்தனையாவது வரை இருக்கிறது? அதன் பிறகு பிள்ளை எங்கே போவான்? அந்தப் பள்ளியில் எந்த மொழி?" அடுத்த கதவு எந்த மொழியில் திறக்கும் என்று முன்பே தெரிந்தால் பிள்ளையைத் தயார் செய்யலாம். அந்த மாநிலத்து மொழியையும் பிள்ளை நன்றாகக் கற்கட்டும். தெருவிலும் அலுவலகத்திலும் அந்த மொழிதான் சோறு போடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தரும் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அதில் உள்ள சில செய்திகளை மனதில் வையுங்கள்.

பிறப்புச் சான்று இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது.

பழைய பள்ளியின் மாற்றுச் சான்று, அதாவது டி.சி., வரத் தாமதமானாலும் மறுக்கக் கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் ஊர் ஊராய்ப் போகும் குடும்பங்கள் இதை மறக்க வேண்டாம்.

படிப்பை விட்டு நின்ற பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கும்போது நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது. "அப்பா என்ன படித்திருக்கிறார்?" என்று கேட்டு உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

தனியார் பள்ளிகளில் முதல் வகுப்பில் 100 இடம் இருந்தால், குறைந்தது 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கும் தர வேண்டும். அவர்களுக்கு அரசு பணம் கட்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. வருமான வரம்பு எவ்வளவு, பள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கேயும் நம் கேள்வியைக் கேட்க வேண்டும். அடுத்த கதவு எது? இந்த இலவச இடம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பள்ளி முழுக் கட்டணம் கேட்கலாம். இதைத் தெரியாமல் இருந்துவிட்டு, எட்டாவது முடிந்ததும் கலங்கி நிற்கக் கூடாது. ஒன்பதாவது எங்கே என்று ஏழாம் வகுப்பிலேயே யோசித்து வையுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம்

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். ஒரு மகன், ஒரு மகள்.

மகனைக் கட்டணப் பள்ளியில் சேர்க்கிறார்கள். மாதம் 2,000 ரூபாய் கட்டணம். ஆண்டுக்கு 24,000. வேனுக்கு ஆண்டுக்கு 9,000. சீருடை, புத்தகம், ஷூ எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் 40,000 ரூபாய். பத்து ஆண்டுக்கு 4 லட்சம். கட்டணம் ஏறாமல் இருந்தால் இவ்வளவு. ஆனால் ஏறாமல் இருக்காது.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? கொஞ்சம் கூலியில் இருந்து வரும். கொஞ்சம் வட்டிக் கடனில் இருந்து வரும். தாலிச் சங்கிலி அடகுக்குப் போகும். மகன் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே கடன் தொடங்கிவிடும். அவன் பத்தாவது முடிக்கும்போது வீட்டில் ஒன்றும் மிஞ்சி இருக்காது. ஏணியின் முதல் படியிலேயே எல்லாப் பணமும் போய்விட்டது. மேல்படி ஏறக் கையில் காசு இல்லை.

மகள் என்ன ஆனாள்? அவள் அரசுப் பள்ளியில் படித்தாள். நன்றாகவே படித்தாள். ஆனால் எட்டாவது முடித்ததும், "தம்பி கட்டணத்துக்கே முடியவில்லை, நீ வீட்டில் இரு" என்றார்கள். கடனைக் கட்ட அம்மாவோடு வேலைக்குப் போனாள். அவள் படிப்பு நின்றதற்கும் தம்பி கட்டணத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நான் தனியார் பள்ளியில் சேர்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வருமானத்தில் கடன் இல்லாமல் முடிந்தால், அந்தப் பள்ளியும் உண்மையில் நல்லதாக இருந்தால், சேர்க்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் டைக்காக இன்னொரு பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக எழுதிக் கணக்குப் போடுங்கள்.

அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய் தொடர் வைப்பாகப் போட்டால், பத்து ஆண்டில் உங்கள் பணமே 1,20,000 ஆகும். வட்டி தனி. பெண் பிள்ளைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 முதல் இருக்கிறது. பத்து வயது ஆவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய் இருந்தாலே போதும். அவள் பத்தாவது முடித்தாலோ 18 வயது ஆனாலோ, அதில் பாதி வரை மேல்படிப்புக்கு எடுக்கலாம்.

இரண்டாவது திருப்பம்: ஐந்தாவதும் எட்டாவதும்

நல்ல பள்ளி என்றால் காசு கொடுக்கும் பள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். காசு இல்லாமல் திறக்கும் கதவுகள் இருக்கின்றன. நேரம் தெரிந்து தட்ட வேண்டும்.

ஜவாகர் நவோதயா வித்யாலயா. மத்திய அரசு நடத்தும் விடுதிப் பள்ளி. ஐந்தாவது படிக்கும்போது தேர்வு எழுதி ஆறாவதில் சேரலாம். நான்கில் மூன்று பங்கு இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. சாப்பாடு, தங்கும் இடம், புத்தகம் எல்லாம் இலவசம். நாடு முழுவதும் 650-க்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்தப் பள்ளிகள் தொடங்கப்படவில்லை. மற்ற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் மாவட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா. பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. 2004-இல் தொடங்கிய திட்டம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குடும்பத்துப் பெண்களுக்கும் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கும் இடம் தருகிறார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை இருந்தது, பல இடங்களில் பன்னிரண்டாவது வரை வளர்ந்திருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் தனியாக இருக்கின்றன.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு என்று பெயர். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். நாலு ஆண்டுக்கு 48,000 ரூபாய். தலைமை ஆசிரியரிடம் போய், "எட்டாவது உதவித்தொகைத் தேர்வுக்கு என் பிள்ளை பெயரைக் கொடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது திருப்பம்: பத்தாவதுக்குப் பிறகு

இதுதான் பெரிய திருப்பம். இங்கே அவசரப்பட்டு எடுக்கும் முடிவு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். "பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான், நீயும் எடு" என்று சொல்லாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடப் பிரிவை எடுக்க வேண்டும். எதை எடுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்று பார்ப்போம்.

உயிரியல் இல்லாமல் டாக்டர் படிப்புக்குப் போக முடியாது. பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை கணக்கை விடக் கூடாது. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். ஆனால் சுமை அதிகம். பிள்ளைக்குத் தாங்குமா என்று ஆசிரியரைக் கேளுங்கள்.

வணிகவியல் எடுத்தால் கணக்கர், வங்கி, ஆடிட்டர் என்று வழி போகும். வரலாறு, அரசியல் எடுத்தால் வக்கீல், ஆசிரியர் என்று வழி போகும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவு எடுத்தவரும் போகலாம். கலெக்டர் ஆவதற்கான தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். ஆகவே "ஆர்ட்ஸ் குரூப் என்றால் வீண்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தொழில் கற்க விரும்பும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாவது முடித்தவர்களுக்குச் சில தொழில்கள், பத்தாவது முடித்தவர்களுக்குப் பல தொழில்கள். பெரும்பாலும் ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டுப் பயிற்சி. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் என்று பல உண்டு. முடித்த பின் தொழிற்சாலையில் பழகுநராகச் சேரலாம். அப்போது மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இருக்கிறது.

பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு மூன்று ஆண்டு. முடித்தால் டிப்ளமோ. உடனே வேலைக்குப் போகலாம். விரும்பினால் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாருங்கள், இந்தப் பாதையில் ஒரு கதவும் மூடவில்லை. இடையில் சம்பாதிக்கவும் முடியும். குடும்பக் கஷ்டம் உள்ள வீட்டுக்கு இது நல்ல வழி.

"என் மகன் பத்தாவது ஃபெயில். அவ்வளவுதானா?" என்று ஓர் அம்மா கேட்கலாம். அவ்வளவு இல்லை அம்மா. தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் இருக்கிறது. 14 வயது நிரம்பியவர் பத்தாவதுக்குப் பதியலாம். ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அந்தச் சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு.

இன்னொரு நல்ல செய்தி. இந்தத் திறந்தநிலைப் பள்ளியில் பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது வகுப்புகளுக்குச் சமமான மூன்று நிலைகள் உண்டு. இப்போது எழுதப் படிக்கக் கற்ற நீங்களும் அதில் சேரலாம். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் ஒரு படி ஏறலாம்.

பெண் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவது முடித்த பெண்ணுக்கு வரன் தேடாதீர்கள். 18 வயதுக்கு முன் திருமணம் செய்வது குற்றம். பள்ளி தூரமாக இருக்கிறதா? விடுதி இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போக வழி செய்யுங்கள். அவள் பெறும் படிப்பைத் திருடனும் எடுக்க முடியாது, கணவன் வீட்டாரும் பறிக்க முடியாது.

நான்காவது திருப்பம்: பன்னிரண்டாவதுக்குப் பிறகு

கல்லூரியில் சேரும் காலத்தில் தரகர்கள் வருவார்கள். "சீட் வாங்கித் தருகிறேன், இன்றே பணம் கட்டு" என்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும்தான்.

முதலில் கேட்க வேண்டியது: பட்டம் யார் தருகிறார்கள்? நம் நாட்டில் நினைத்தவர் எல்லாம் பட்டம் தர முடியாது. சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், அரசு அங்கீகரித்த நிறுவனமும்தான் தரலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிறது. இணையத்தில் அதைப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையின் ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொழில் படிப்புக்கு இன்னொரு அனுமதியும் வேண்டும். நர்ஸ் படிப்புக்கு நர்சிங் கவுன்சில். சட்டத்துக்கு பார் கவுன்சில். மருந்தாளர் படிப்புக்கு பார்மசி கவுன்சில். டாக்டர் படிப்புக்கு தேசிய மருத்துவ ஆணையம். அனுமதி இல்லாத கல்லூரியில் படித்தால் மூன்று நாலு ஆண்டும் போகும், பணமும் போகும். கையில் இருக்கும் காகிதத்தை எந்த ஆஸ்பத்திரியும் ஏற்காது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

சேரும் முறை படிப்புக்குப் படிப்பு மாறும். டாக்டர் படிப்புக்கு நீட் தேர்வு. ஐ.ஐ.டி. போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களின் பட்டப் படிப்புக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு. இவற்றில் நீட், பொது நுழைவுத் தேர்வு ஆகியவற்றைத் தமிழிலும் எழுதலாம். மாநிலக் கல்லூரிகளில் பல இடங்களில் பன்னிரண்டாவது மதிப்பெண்ணே போதும். கடைசித் தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். மதிப்பெண் இருந்தும் தேதி தவறியதால் இடம் இழந்த பிள்ளைகள் உண்டு.

பயிற்சி நிலையங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாவது படிக்கும் பிள்ளைக்கே டாக்டர் கோச்சிங் என்று விளம்பரம் செய்கிறார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பயிற்சி நிலையத்தில் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டியது. நிலத்தை விற்றுக் கோச்சிங் அனுப்பும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். உண்மையில் அது அவன் ஆசையா, உங்கள் ஆசையா?

பணத்துக்கு என்ன வழி? முதலில் உதவித்தொகை. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பத்தாவதுக்கு மேல் படிக்க உதவித்தொகை உண்டு. மற்றப் பிரிவுகளுக்கும் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது வங்கிக் கல்விக் கடன். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தரும் திட்டம் உண்டு. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் கால வட்டியை அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. கல்லூரிக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. வங்கியில் விசாரித்துவிட்டுச் சேருங்கள். மாத வட்டிக்காரரிடம் போவது கடைசி வழியாகவும் இருக்க வேண்டாம். கடன் எவ்வளவு சுலபமாகக் கிடைத்தாலும், படிப்பு முடிந்தால் என்ன சம்பளம் வரும் என்று கேட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கல்லூரிக்குப் போகவே முடியாத நிலையா? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறலாம்.

காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

ஒரு பை வாங்குங்கள். அதில் இவற்றைப் பத்திரமாக வையுங்கள்: பிறப்புச் சான்று, ஆதார் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்று, பிள்ளையின் வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்.

மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் கவனியுங்கள். சொந்த மாநிலத்தில் பெற்ற சாதிச் சான்று, குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகச் செல்லாது. பல மாநிலங்களில் அங்கே இத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போது ஊர் மாறினால் இதையும் விசாரித்துவிட்டு மாறுங்கள்.

கடைசியாக

பிள்ளையைக் கேளுங்கள். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டால் பதில் வராது. "எந்தப் பாடம் நடக்கும்போது மணி போனது தெரியவில்லை? எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். ஆசிரியரையும் கேளுங்கள். அந்த வேலையில் இருக்கும் ஒருவரையும் கேளுங்கள். ஒரு நர்ஸ் தன் வேலையைப் பற்றிச் சொல்வது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்தத் திருப்பங்கள் வந்தபோது சொல்ல ஆள் இல்லை. ஆகவே முதல் திருப்பத்திலேயே பலருடைய பாதை நின்றுவிட்டது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் படிக்கிறீர்கள், கேட்கிறீர்கள், கணக்குப் போடுகிறீர்கள். மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி அதைச் செய்யுங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊர்ப் பள்ளி எந்த வகுப்பு வரை இருக்கிறது? அதற்குப் பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

2. உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? ஏன் நின்றார்கள்? மீண்டும் சேர்க்க என்ன செய்யலாம்?

3. உங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் படிப்புக்காக ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது? தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

4. பள்ளி மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது? அடுத்த கூட்டத்தில் என்ன கேட்பீர்கள்?